மலையில்லாத ஊரில் மலைக்குறி

கமராவின் சக்கரத்தில்
ஒரு பெண்ணின் தலை, அருகே இரட்டை மலை,
ஒரு பூ, ஓடுகிற ஆள்,
நட்சத்திரத்துக்குக் கீழே நிற்கிற இன்னொரு ஆள்.
மாங்குளம் சந்தியில் ஸ்ரூடியோ திறந்து ஆறு வருசம்.
என் பெருவிரலில் தலைக்குறி தேய்ந்து
வெள்ளையாய்ப் போய்விட்டது.
மலை மட்டும்
வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே.

வன்னியில் மலைக்கு எங்கே போக?
குளக்கட்டுத்தான் எங்களுக்கு உயரம்.
அதற்கு மேல்
உழவு மெசினில் ஏறி நிற்கலாம்.

தலைக்குறிக்கு ஒரே எண்ணம்:
இந்த முகம் போதும்.
கண்ணைப் பிடி, கன்னத்தை மெழுகு,
பின்னால் நிற்பதையெல்லாம் கரை.
கலியாணச் சோடிகளுக்கு அது உயிர்.
துருவேறின முள்ளுக்கம்பி,
கூரை இல்லாத பள்ளிச் சுவர்,
சோடாப் போத்தல், காய்ந்த நாயுருவி
எல்லாம் பச்சைப் பாலாய் உருகிவிடும்.
"அண்ணை, சுவிஸ் மாதிரிக் கிடக்கு" என்பார்கள்.
அந்தக் கரைசலை விற்றுத்தான்
நான் சோறு தின்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கனகேஸ்வரி வந்தாள்.
ஸ்கூட்டியின் முன்கூடையில்
உரப்பையில் சுற்றின பெர்மிற்.
"காணிக் கச்சேரிக்குப் படம் வேணும்.
நான் வேணும், கிணறு வேணும்,
பாலை மரம் வேணும்.
அவங்கள் நட்ட கல்லும்
கல்லில கிடக்கிற நம்பரும் வேணும்."

ஒட்டுசுட்டான் வீதியால் போய்
கிரவலில் இறங்கி
இரண்டு தரம் சில்லு புதைந்து போய்ச் சேர்ந்தோம்.
உச்சி வெயில். நிழல் காலுக்குக் கீழே.
பழக்கதோசம், தலைக்குறியில் எடுத்தேன்.
மூக்குத்தி மின்ன, நல்ல படம்.
கிணறு சாம்பல் பூச்சு. பாலை ஒரு பச்சை மேகம்.
கல் இருந்த இடத்தில்
யாரோ பால்மாவைக் கொட்டின மாதிரி.

திரையைக் கையால் மறைத்துப் பார்த்தாள்.
"நான் வடிவாத்தான் நிக்கிறன்.
காணி எங்க?"

சக்கரத்தைத் திருப்பினேன்.
உள்ளே செம்மண் நறநறத்தது.
மலைக்குறி கண்ணைச் சுருக்கி
கிட்டவும் எட்டவும் ஒன்றாய்ப் பார்த்தது:
கிணற்றுக் கட்டில், ஈரச் சீமெந்தில்
விரலால் எழுதின எண்பத்தேழு,
வெடி எடுத்தவர்கள் விட்டுப்போன சிவப்புத் தடி,
கறையான் புற்று, யாருடையதோ ஒரு மாடு,
கல், கல்லில் 214.
பச்சை கூடுதல் பச்சை, வானம் கூடுதல் நீலம்.
அவள் மட்டும்
கண்குழியில் இருட்டோடு, கரிக்கட்டையாய்.

பிளாஷைத் தட்டிப் பார்த்தேன். எழும்பவில்லை.
மலைக்குறியில் அது எழும்பாது.
அங்கே ஆளே இல்லை என்ற நினைப்பில்தான்
அந்தக் குறியைச் செய்திருக்கிறார்கள்.

சொன்னேன். சிரித்தாள்.
"காட்டுக் கந்தோர் மப்பும் அப்பிடித்தான்."

தன் காணிக்குள் நிற்கிற ஒருத்திக்கு
சக்கரத்தில் குறி இல்லை.
உரப்பையின் வெள்ளைப் பக்கத்தை விரித்து
மருமகன் கஜீபனைப் பிடிக்கச் சொன்னேன்.
"இன்னும் பதிச்சுப் பிடி. சரிக்காதை."
யூரியா என்ற எழுத்தில் பட்டுத் தெறித்த வெயில்
அவள் தாடையில் ஏறி,
மூக்கில் ஏறி,
கண்ணுக்குள் போனது.
அவளைக் கல்லுக்குக் கிட்ட வரச் சொன்னேன்.
கிட்ட வரவில்லை.
ஒரு காலைத் தூக்கி
செருப்போடு அதன் மேல் வைத்தாள்.
எடுத்தேன்.

ஆறு பிரதி, தலா நூறு ரூபாய்.
எண்ணித் தந்து, வாசல் மட்டும் போய்த் திரும்பினாள்.
"அந்த முதல் படத்தை அழிச்சுப் போட்டியோ?"
"இல்லை."
"போனுக்கு அனுப்பு.
அதில கொஞ்சம் வயசு குறைஞ்சு நிக்கிறன்."
கரைந்த காணிக்கு
நான் காசு எடுக்கவில்லை.